பதினொரு வருடத்துக்குப் பிறகு கரப்பந்துக்குத் திரும்ப நினைக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். பிழையாக விளங்கியிருந்தால் திருத்துங்கள். உங்களுக்கு வயது 41. வீடு கோண்டாவில், வேலை யாழ் நகரில் ஒரு வங்கியில், போய்வருவது ஸ்கூட்டியில். உயரம் 170 சென்ரிமீற்றர், எடை 84 கிலோ, இடுப்புச் சுற்று 101 சென்ரிமீற்றர். வெறும் வயிற்றில் எடுத்த சீனி 112. அப்பாவுக்குச் சீனி வருத்தம், இன்சுலின் போடுகிறார். ஒரு காலத்தில் ஊர்க் கழகத்துக்குக் கரப்பந்து ஆடினீர்கள், அதை விட்டு 11 வருடம். மூன்று தடவை ஜிம்முக்குக் காசு கட்டி, மூன்று தடவையும் இரண்டு மாதத்துக்குள் நின்றுபோனது. போன வருடப்பிறப்புக்குச் சனசமூக நிலையத்து ஆட்டத்தில் இறங்கினீர்கள், இரண்டாவது செற்றில் பின்னாலிருந்து யாரோ கல்லால் எறிந்ததுபோல கெண்டைக்காலில் ஒரு அடி, அதோடு சரி. இப்போது கேட்கிறீர்கள்: சோற்றை விடவா, ஓடவா, ஜிம்முக்கே திரும்பவா, புரதப் பவுடர் வாங்கவா, விடிய 4 மணிக்கு எழும்ப வேண்டுமா?

இந்த ஐந்துக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லலாம், சொல்லவும் போகிறேன். ஆனால் உங்கள் எழுத்தை இரண்டு தடவை வாசித்தபோது அடியில் கிடந்த கேள்வி வேறு: அப்பாவுக்கு வந்தது எனக்கும் வராமல் தடுக்க முடியுமா, மறுபடி வலைக்கு முன்னால் நிற்க முடியுமா? இரண்டுக்கும் என் பதில், பெரும்பாலும் முடியும். எப்படி என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் உடற்கல்வி ஆசிரியராக 31 வருடம் இருந்தவன். கரப்பந்தும் மெய்வல்லுநரும் பழக்கினேன். ஓய்வு பெற்ற பிறகு உங்களைப் போன்ற நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களோடுதான் பின்னேரங்கள் போகின்றன. மருத்துவன் அல்ல. ஆகவே மாத்திரை, இரத்தப் பரிசோதனை முடிவுக்கு என்ன சிகிச்சை என்பதெல்லாம் உங்கள் வைத்தியரோடு கதைக்க வேண்டியவை. உடம்பை அசைப்பது, அதற்குச் சாப்பாடு போடுவது, ஆற விடுவது, விளையாட விடுவது, இந்த நான்கையும் பற்றி எனக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் உறுதியாகத் தெரிந்தவை. எங்கள் ஆட்களுக்கு, அதாவது தெற்காசியருக்கு, ஐரோப்பியரை விடக் குறைந்த எடையிலேயே சீனி வருத்தம் வருகிறது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீற்றரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு தடவை பிரித்தால் வருவது உடல் நிறைச் சுட்டெண். ஆசியருக்கு அது 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் ஆபத்து அதிகம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் சொன்னது. உங்களுடையது 29. எங்கள் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது. வெறும் வயிற்றுச் சீனி 112 என்பது இன்னும் வருத்தம் ஆகவில்லை, வாசலில் நிற்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையையும் ஒருமுறை செய்யுங்கள். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அதுவும் அதே வாசல்தான்.

வாசலில் நிற்பவர் திரும்பி வரலாம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 2002இல் வெளியான பெரிய ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து வாரம் 150 நிமிடம் உடம்பை அசைப்பதை இலக்காக வைத்த கூட்டத்தில், வழமையான பொது ஆலோசனையோடு விடப்பட்டவர்களை விட 58 சதவீதம் குறைவாகச் சீனி வருத்தம் வந்தது. மாத்திரை எடுத்த கூட்டத்தில் 31 சதவீதக் குறைவு. சரி, அது அவர்கள் என்று சொல்லலாம். சென்னையில் மருத்துவர் ராமச்சந்திரன் குழு 2006இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் உடம்புக்கும் எங்கள் சாப்பாட்டுக்கும் நெருக்கமானது. அங்கே சாப்பாட்டையும் நடமாட்டத்தையும் மாற்றியதால் வந்த குறைவு 28.5 சதவீதம். அமெரிக்க எண்ணின் பாதிதான், ஆனாலும் பெரிய விஷயம். அந்தச் சென்னை எண்ணையே மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை, ஏனென்றால் அது உங்களை ஏமாற்றாது. 84 கிலோவில் 7 சதவீதம் என்றால் ஏறக்குறைய 6 கிலோ. கல்யாணக் காலத்து எடைக்குத் திரும்பத் தேவையில்லை. 78 வந்தால் முதல் வேலை முடிந்தது. கிழமைக்கு அரைக் கிலோ வீதம் ஏறக்குறைய மூன்று மாதம் போதும்.

இப்போது ஜிம் விஷயம். மூன்று தடவை நின்றுபோனதற்குச் சோம்பலைக் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. பதினெட்டு வயதில் நீங்கள் ஒவ்வொரு பின்னேரமும் மைதானத்துக்குப் போனது உடம்பைக் குறைக்கவா? பந்துக்காகவும் பெடியன்களுக்காகவும் போனீர்கள். உடம்பு தானாகச் சரியாக இருந்தது. வேலை, கல்யாணம், பிள்ளை என்று வந்ததும் முதலில் கைவிட்டது விளையாட்டை. அதை விட்டதும் பயிற்சிக்கு ஒரு காரணம் இல்லாமல் போனது. இரவில் நேரத்தோடு படுக்கவும் காரணம் இல்லை, நாளைக்கு ஆட்டம் இல்லையே. சாப்பாட்டுக்கும் அளவு இல்லாமல் போனது. நான் பார்த்த அளவில், நாற்பது வயதுக்குப் பிறகு பயிற்சியை வருடக்கணக்காகத் தொடர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு ஆட்டம் இருந்தது, அல்லது அவர்களுக்காகக் காத்திருக்கும் நாலு பேர் இருந்தார்கள். இது என் அனுபவம். ஆய்வு முடிவாக எடுக்க வேண்டாம்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது, அதை நான் வலியோடு படித்தேன். எனக்கு 44 வயதில், ஒரு பழைய மாணவர் ஆட்டத்தில், ஆறு மாதம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு நேரே இறங்கினேன். ஒரு பந்துக்கு எழும்பி விழுந்தபோது குதிக்கால் நாண், நாங்கள் நரம்பு என்று சொல்வது, அறுந்துவிட்டது. மற்றவர்களுக்குப் பழக்குகிற நானே செய்த பிழை. ஒன்பது மாதம் கழித்துத்தான் சரியாக ஓடினேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்வது இதுதான்: விளையாடி உடம்பைத் தேற்ற நினைக்காதீர்கள், விளையாடுவதற்காக உடம்பைத் தேற்றுங்கள். காரணம் இருக்கிறது. பயிற்சி தொடங்கினால் மூச்சு சில வாரங்களில் வந்துவிடும். தசை இரண்டு மூன்று மாதத்தில் பலம் பிடிக்கும். எலும்பையும் தசையையும் இணைக்கும் நாண்கள் ஆறுதலாகத்தான் பழகும், பல மாதம் எடுக்கும். எனக்கு எல்லாம் வந்துவிட்டது என்று மனம் சொல்லும் நேரத்தில் நாண் இன்னும் தயாராக இருக்காது. பழைய ஆட்டக்காரருக்கு ஆபத்து கூட, ஏனென்றால் அவர் மூளைக்கு எப்படி எழும்புவது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது, காலுக்குத்தான் இல்லை.

தசையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் சீனிக்கும் அதுதான் நேரடி மருந்து. நாங்கள் சாப்பிட்ட சோறு சீனியாகி இரத்தத்துக்கு வரும்போது அதில் பெரும்பங்கை வாங்கி வைப்பது தசைகள்தான். தசை கூடினால் கொள்கலன் பெரிதாகிறது. அது மட்டுமல்ல, வேலை செய்யும் தசை இன்சுலினுக்குக் காத்திருக்காமலே சீனியை உள்ளே இழுக்கும். முப்பது வயதுக்குப் பிறகு, பயன்படுத்தாவிட்டால், பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. சாப்பாட்டை மட்டும் குறைத்து மெலிந்தால், குறைந்த எடையில் கால்வாசி வரை தசையாகவே போய்விடலாம். ஆகவே ஓடுவதா, பாரம் தூக்குவதா என்ற கேள்விக்கு என் பதில்: இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் செய்ய ஏலும் என்றால், உங்கள் நிலையில் பலப் பயிற்சியில் தொடங்குங்கள். இப்போதைக்கு ஓட்டம் வேண்டாம். 84 கிலோவோடு பலமில்லாத கெண்டைக்காலில் தார் றோட்டில் ஓடினால் அடுத்த காயம் முழங்காலில் வரும்.

பலப் பயிற்சிக்கு ஜிம் நல்லது, கட்டாயமில்லை. கிழமையில் இரண்டு நாள், நாளுக்கு 35 நிமிடம். கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்பி இருப்பது. மேசை விளிம்பில் கை வைத்துத் தண்டால், பலம் வர வர நிலத்துக்கு இறங்குவது. நிலத்தில் இருக்கும் பாரத்தை நாரியை வளைக்காமல், இடுப்பை மடித்து, தொடையால் தூக்குவது. பத்து லீற்றர் வாளி நிறையத் தண்ணீர் என்றால் பத்துக் கிலோ, தொடங்க அது போதும். இழுப்பதற்கு உங்கள் வளவிலேயே கிணறு இருக்கும். மோட்டர் பொருத்துவதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்காரர் எல்லோருக்கும் முதுகும் தோளும் பலமாக இருந்ததற்குக் கப்பிக் கயிறு ஒரு காரணம். கப்பியும் கயிறும் கிணற்றுக்கட்டும் நல்ல நிலையில் இருந்தால், கிழமையில் இரண்டு நாள் மோட்டரைப் போடாமல் இருபது வாளி அள்ளிக் குளியுங்கள். மற்றப் பயிற்சிகள் ஒவ்வொன்றையும் 8 முதல் 12 தடவை, அப்படி மூன்று சுற்று. இன்னும் இரண்டு தடவை செய்ய ஏலும் என்ற நிலையில் நிறுத்துங்கள். 12 இலகுவாகிவிட்டால் பாரத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். இந்தக் கூட்டுவதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள், வருடம் முழுக்க ஒரே பாரத்தைத் தூக்கிக்கொண்டு ஏன் மாற்றமில்லை என்று கேட்பார்கள். ஒரே தசைக்கு இரண்டு நாள் இடைவெளி கொடுங்கள். பலம் கூடுவது தூக்கும் நேரத்தில் அல்ல, பிறகு ஆறும் நேரத்தில்.

மூச்சுக்கான பயிற்சியை உங்கள் வேலைப் பயணத்துக்குள்ளேயே வைக்கலாம். கோண்டாவிலில் இருந்து நகருக்கு ஐந்து கிலோமீற்றர் அளவுதான். சைக்கிளில் இருபது நிமிடம் போக, இருபது வர. நாலு நாள் போனால் 160 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்னது கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவு, அதோடு இரண்டு நாள் பலப் பயிற்சி. முதல் பங்கு றோட்டிலேயே முடிந்துவிடும். மிதமானது என்றால் என்ன என்று அறிய மணிக்கூடு வேண்டாம்: கதைக்க ஏலும், பாட ஏலாது, அந்த வேகம். பலாலி வீதியில் பேருந்துகளுக்குப் பயம் என்றால் உள் ஒழுங்கைகளால் போங்கள், ஐந்து நிமிடம் கூடும். ஒரு சேட்டைக் கந்தோரில் வைத்துக்கொள்ளுங்கள். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில் கந்தோர்காரர் எத்தனை பேர் சைக்கிளை எடுத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பெற்றோல் வந்ததும் சைக்கிள் திரும்பவும் சாய்ப்புக்குள் போய்விட்டது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. பசியும் இடப்பெயர்வும் நிறைந்த அந்தக் காலத்தை நான் ஒருநாளும் புகழ மாட்டேன். ஆனால் அந்தக் கால் ஓட்டம் கட்டாயத்தால் வந்தது என்பதும், இன்று அதை நாங்களே தெரிந்து எடுக்க ஏலும் என்பதும் உண்மை.

சோற்றுக்கு வருகிறேன். விட வேண்டாம். சோற்றை முழுதாக விட்ட எத்தனையோ பேர் மூன்றாம் மாதம் இரட்டிப்பாகச் சாப்பிடுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கோப்பையைப் பாருங்கள்: முக்கால் கோப்பை சோறு, அதற்கு மேல் ஒரு அகப்பை கறி, ஓரத்தில் கொஞ்சம் கீரை. இதைப் புரட்டிப் போடுங்கள். பாதிக் கோப்பை மரக்கறியும் கீரையும், கால்வாசி மீன், முட்டை, பருப்பு, கடலை போன்றவை, மிச்சக் கால்வாசி சோறு. சிவப்புக் குத்தரிசி வெள்ளையை விட நல்லது, தவிடும் நாரும் இருக்கிறது. மொட்டைக்கறுப்பன் கிடைத்தால் எடுங்கள், ருசியும் தனி. ஆனால் சிவப்பு என்பதற்காக இரண்டு கோப்பை சாப்பிட்டால் சீனிக்கு வித்தியாசம் தெரியாது. அளவுதான் முதல், நிறம் இரண்டாவது. இரவுப் புட்டுக்கும் இடியப்பத்துக்கும் இதே கணக்கு. பத்து இடியப்பம், சொதி, சம்பல் என்பது முழுக்க மாவும் தேங்காயும்தான். ஐந்தாக்கி, பக்கத்தில் ஒரு முட்டையும் ஒரு மீன் துண்டும் வைத்தால் பசியும் அடங்கும். குரக்கன் புட்டு, ஒடியல் புட்டு கிழமையில் ஒருநாள் வரட்டும். ஒடியல் கூழைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை: மீன், நண்டு, இறால், பயத்தங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரே பானையில். புரதமும் நாரும் இப்படிச் சேர்ந்த சாப்பாடு எங்களிடமே இருக்கிறது. அதை வருடத்தில் இரண்டு தடவை, யாராவது வெளிநாட்டால் வந்தால் மட்டும் காய்ச்சுகிறோம்.

புரதப் பவுடர் பற்றிக் கேட்டீர்கள். அது பெரும்பாலும் பாலில் இருந்து எடுத்த புரதம். விஷமும் இல்லை, மந்திரமும் இல்லை, உங்களுக்குத் தேவையும் இல்லை. பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் போதும் என்று வைத்தால், நாளுக்கு 100 கிராம் அளவு. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் 20 கிராம் அளவு, ஒரு கப் அவித்த கௌபி அல்லது கடலையில் 13, 14 கிராம். சூடையும் நெத்தலியும் விளைமீன் விலைக்கு அருகிலும் வராது, ஆனால் புரதத்தில் குறைவில்லை. எங்கள் ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாள், பிறகு கந்தசஷ்டி, இடையில் வெள்ளிக்கிழமைகள், பல வீடுகளில் மச்சம், அதாவது மீன் இறைச்சி, இல்லை. மச்சம் போன இடத்தைச் சோறும் வடையும் பாயாசமும் பிடித்துக்கொள்ளும். விரதத்தை நான் குறை சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் உண்டு. அந்த நாட்களில் பயறு, உழுந்து, கடலை, தயிர், சோயாமீற் என்று வேண்டுமென்றே கூட்டுங்கள், அவ்வளவுதான். ஜிம்மில் யாராவது பெயரொட்டி இல்லாத தூளோ, ஊசியோ தந்தால் மட்டும் தொடாதீர்கள். அதில் நான் கண்டிப்பு.

இனிப்பு பெரும்பாலும் தேத்தண்ணிக்குள் ஒளிந்திருக்கிறது. ஒரு தேக்கரண்டி சீனி 4, 5 கிராம். கப்புக்கு இரண்டு கரண்டி, நாளுக்கு நாலு கப் என்றால் 32 முதல் 40 கிராம். முடிந்தால் நாளுக்கு 25 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விருப்ப அளவு. சீனிக்குப் பதில் பனங்கட்டி கடித்தால் பரவாயில்லை என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. பனங்கட்டியில் கொஞ்சம் தாதுப்பொருள் கூட, ஆனால் அதில் பெரும்பகுதி சீனிதான். பின்னேரம் கந்தோருக்கு வரும் றோல்ஸையும் பற்றிஸையும் கிழமையில் ஒரு நாளாக்குங்கள்.

இனி நித்திரை. நீங்கள் ஒரு வரியில் இரவு 12.30 ஆகும் என்று எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். எனக்கு உங்கள் எழுத்திலேயே அதிகம் கவலை தந்த வரி அது. லண்டனில் இருக்கும் அண்ணை வேலை முடிந்து 7 மணிக்குத் தொலைபேசி எடுத்தால் இங்கே 11.30, குளிர்காலத்தில் 12.30. யாழ்ப்பாணத்தில் பாதி வீட்டின் நித்திரை இப்படித்தான் போகிறது. சிக்காகோ பல்கலைக்கழகத்தில் 1999இல் ஆரோக்கியமான இளைஞர் பதினொரு பேரை ஆறு இரவு நாலு மணித்தியாலம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பு சீனியைக் கையாளும் விதமே கெட்டுப்போனது. சிறிய ஆய்வுதான், ஆனால் பிறகு வந்தவையும் அதே பக்கம்தான் காட்டின. நித்திரை குறைந்தால் அடுத்த நாள் பசியும் கூடும். ஏழு மணித்தியாலம் வேண்டும். விடிய 4 மணிக்கு எழும்புவதில் ஒரு புண்ணியமும் இல்லை, 9 மணிக்குப் படுக்கிறவரைத் தவிர. அண்ணையிடம் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறுதலாகக் கதைக்கலாம் என்று. அவர் கோபிக்க மாட்டார்.

உறுதியில்லாதவற்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நாளுக்கு பத்தாயிரம் அடி என்ற எண் 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்கும்போது பிரபலமானது. ஏழு, எட்டாயிரத்திலேயே பெரும்பயன் கிடைத்துவிடுகிறது. நேரம் குறித்துப் பட்டினி இருப்பது சிலருக்கு ஒத்துவருகிறது, ஆனால் அளவைக் குறைத்துச் சாப்பிடுவதை விடப் பெரிதாக அது மேல் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. வெந்தயம், பாகற்காய்ச் சாறு சீனியைக் கொஞ்சம் இறக்கலாம் என்பதற்கு இருக்கும் ஆதாரம் மெல்லியது. கறியாகச் சாப்பிடுங்கள், மருந்தை நிறுத்திவிட்டு அதை நம்பாதீர்கள். தேங்காயெண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டும் என்பது தெளிவு. ஆனால் மீனும் கீரையும் நிறைந்த சாப்பாட்டில் ஒரு பிடி தேங்காய்ப்பூ எவ்வளவு கெடுதல் என்பது அவ்வளவு தெளிவில்லை. காலையா மாலையா என்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கள் வெயிலுக்கு காலை 7 மணிக்கு முன், அல்லது பின்னேரம் 5க்குப் பிறகு என்று வையுங்கள். சாப்பாட்டுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அந்த வேளைச் சீனி இறங்கும், அது நிச்சயம். ஒழுங்கையில் நாய்த் தொல்லை என்றால் முற்றத்துக்குள் நடந்தாலும் அதே பலன்.

ஒரு எச்சரிக்கை. கடுமையான ஆட்டத்துக்குத் திரும்ப முதல் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் பார்த்து, அப்பாவின் கதையையும் சொல்லி, இதயத்துக்கு என்ன சோதனை வேண்டும் என்று வைத்தியரைக் கேளுங்கள். பழக்கமில்லாத உடம்பு திடீரென்று முழு வேகத்தில் ஓடும் அந்த நேரத்தில்தான் மாரடைப்பு ஆபத்து கூடுகிறது. நெஞ்சில் பாரம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் நோ, காரணமில்லாத வியர்வை, தலைச்சுற்று, இதில் எது வந்தாலும் ஆட்டத்தை விட்டு நேரே வைத்தியசாலைக்கு. வாயு என்று சோடா குடித்துக்கொண்டு இருக்க வேண்டாம். உங்களைப் பார்த்து அப்பாவும் நடக்கத் தொடங்கினால், இன்சுலின் போடுகிறவருக்கு நடையால் சீனி அளவுக்கு மேல் இறங்கலாம் என்பதால், அவரும் முதலில் தன் வைத்தியரைக் கேட்க வேண்டும்.

உங்கள் எழுத்தின் கடைசியில் ஒரு வரி, மனைவியும் செய்யலாமா என்று. செய்யலாம் என்பதை விட, அவருக்கு உங்களை விட அவசரம் என்று சொல்வேன். எங்கள் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து, ஓட்டம் என்று துள்ளுவார்கள், உயர்தரப் பரீட்சையோடு சப்பாத்தைக் கழற்றினால் கழற்றியதுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற இலங்கை வலைப்பந்து அணியில் ஆடிய தர்ஜினி சிவலிங்கத்தை எல்லோரும் கொண்டாடுகிறோம். ஆனால் முப்பத்தைந்து வயது அம்மா ஒருவர் பின்னேரம் பந்து எறிந்து விளையாட ஊரில் எங்கே இடம்? மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் எலும்பு வேகமாகத் தேய்கிறது. இப்போது பாரம் தூக்கிச் சேர்த்துவைக்கும் பலம்தான் அப்போது கைகொடுக்கும். உங்கள் இரண்டு பலப் பயிற்சி நாளையும் இரண்டு பேருமாகச் செய்யுங்கள். ஒரே நேரத்தில் ஏலாத நாளில் அவர் செய்ய, நீங்கள் அந்த நேரம் அடுப்படியைப் பாருங்கள் என்றும் சொல்வேன், இல்லாவிட்டால் அவருக்கு அந்த 35 நிமிடம் எங்கிருந்து வரும்?

உங்கள் கெண்டைக்காலுக்கு வருவோம். நோ போய்விட்டது என்பதும் ஆறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. படி விளிம்பில் இரண்டு காலாலும் நின்று குதிக்காலை ஆறுதலாக உயர்த்தி, இன்னும் ஆறுதலாக இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். நோகாமல் வந்தால் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். காயப்பட்ட காலில் மட்டும் நின்று, மற்றக் காலைப் போலவே 25 தடவை தொடர்ந்து குதிக்காலைத் தூக்க ஏலும்போது சின்னத் துள்ளல்கள், கயிறடித்தல். இரண்டு மூன்று கிழமை அதுவும் நோகாமல் போனால் எழும்பி அடிக்கத் தொடங்கலாம், முதலில் ஒரு செற், அடுத்த கிழமை இரண்டு. ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் மெல்ல ஓடி, பக்கவாட்டில் நகர்ந்து, துள்ளி உடம்பைச் சூடாக்குங்கள். நின்ற இடத்தில் காலை இழுத்துப்பிடிப்பது மட்டும் போதாது. என் கணக்கில் இன்றிலிருந்து நாலு மாதம். அதுவரை மைதானத்துக்குப் போகாமல் இருக்காதீர்கள். கிழமையில் ஒரு பின்னேரம் போய் நின்று பெடியன்களுக்குப் பந்தை எறிந்து கொடுங்கள், ஸ்கோர் எழுதுங்கள். ஓவர் கேம் என்று எங்கள் ஊர்களில் ஆடும் கரப்பந்துக்கு ஒரு ஆள் குறைகிற நாளில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.